என் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட இரவு

2025 மே 8, அதிகாலை இரண்டு மணி தாண்டியிருந்தது. பாரிஸில் பி.எஸ்.ஜி. அணியோடு ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் லண்டனிலேயே 1-0 என்று தோற்றிருந்த எங்கள் ஆர்சனல், இங்கே மேலும் இரண்டு கோல் வாங்கிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சாகா ஒரு கோல் போட்டார். இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்கு 3-1, பாரிஸ் பக்கம். இன்னும் கால் மணி நேரம் பாக்கி. நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். உள்ளறையில் அக்கா தூங்கிக்கொண்டிருந்ததால் கத்தலை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு திரும்பினால், அக்கா மகன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். படுக்கைக்கு மேலே ஆர்சனல் ஆட்டக்காரர் ஒடேகார்ட் படம் ஒட்டி வைத்திருப்பவன். முகத்தில் சந்தோஷம் இல்லை, லேசான எரிச்சல் இருந்தது.

"என்னடா?" என்றேன்.

"இப்ப ஒண்ணு போட்டு என்ன மாமா? இதை வச்சே இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடுவாரு."

அவர் என்றால் ஆர்சனல் மேனேஜர், அதாவது பயிற்சியாளர், மிக்கேல் ஆர்டெட்டா. எங்கள் வீட்டில் பெயர் சொல்லத் தேவையில்லை. நாலைந்து நிமிடத்தில் சாகாவுக்குக் கோல் வாசலிலேயே இன்னொரு வாய்ப்பு வந்தது, பந்து கம்பத்துக்கு மேலே போனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவன் மூச்சை விட்டான். பாரம் இறங்கியவன் விடுகிற மூச்சு அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், அதுவும் பொய்யாக இருக்காது. அந்த மூச்சை நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

இரண்டு முறையும் தப்பு

ஒரு மேனேஜருக்கு இன்னும் அவகாசம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்தில் என் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். பழைய மேனேஜர் வெங்கருக்குக் கொடுக்க வேண்டும் என்று கடைசிவரை நின்றேன். ஆர்டெட்டாவுக்குக் கொடுக்கவே கூடாது என்று முதல் வருஷத்திலேயே குதித்தேன். இரண்டும் தப்பு. சரி, யாருக்குத்தான் தப்பு வராது என்று விட்டுவிடலாம். ஆனால் இரண்டு தடவையும் நான் ரொம்ப உறுதியாக இருந்தேன் என்பதும், என்னிடம் வண்டி வண்டியாக ஆதாரம் இருந்தது என்பதும்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் ஆர்சனல் பார்க்க ஆரம்பித்தது 2003-04 சீசனில், திருச்சியில் ஹாஸ்டல் டிவி அறையில். முப்பது பேருக்கு ஒரு டிவி. கிரிக்கெட் இல்லாத நாளில்தான் எங்களுக்கு முறை வரும். அந்த சீசன் முழுக்க ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காத அணி அது. முதல் காதலே அப்படி அமைந்துவிட்டால் அப்புறம் மனுஷன் எப்படி உருப்படுவான்? அந்த அணியைக் கட்டியவர் ஆர்சன் வெங்கர். ஹென்றி அடிக்கிற கோலைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நீளக் கோட்டோடு நிற்கும் அந்த ஒல்லி மனிதரையும் பார்ப்போம். அவர் எது செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டோம்.

அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு தூரம் தாங்கியது தெரியுமா? 2011 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைட்டடின் ஓல்டு டிராஃபோர்டில் 8-2 வாங்கியபோதும் தாங்கியது. 2014 மார்ச் 22, வெங்கருக்கு ஆயிரமாவது ஆட்டம், செல்சியிடம் 6-0. ஆக்ஸ்லேட்-சேம்பர்லின் கையால் தடுத்த பந்துக்கு நடுவர் கீரன் கிப்ஸுக்கு ரெட் கார்டு காட்டி அனுப்பினார், ஆள் மாறிப்போய்விட்டது. ஆறு கோல் வாங்கிய அணிக்காக, அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடினேன். அதற்கு அடுத்த மாதங்களில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, ஒன்பது வருஷ வறட்சிக்குப் பிறகு. ஹல் சிட்டி பத்து நிமிடத்துக்குள் 2-0 என்று முந்தியும், கூடுதல் நேரத்தில் ராம்சி அடித்து 3-2. எனக்கு அது கோப்பையாகவே தெரியவில்லை, என் பக்கத்து சாட்சியாகத்தான் தெரிந்தது. அன்று இரவே எதிர்க்கட்சி நண்பர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுக் கடுப்பேற்றினேன்.

2017-இல் ஜெர்மனியின் பேயர்னிடம் இரண்டு ஆட்டத்திலும் 5-1, 5-1. மொத்தம் பத்துக்கு இரண்டு. அந்த மார்ச் மாதம் வெஸ்ட் பிராம் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்றின் வாலில் வெங்கர் போக வேண்டும் என்ற பேனர், இன்னொன்றில் வெங்கர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்ற பேனர். ரசிகர்கள் காசு போட்டு வானத்தில் நடத்திய பட்டிமன்றம். கீழே ஆர்சனல் 3-1 தோற்றுக்கொண்டிருந்தது. மே மாதம் செல்சியை வீழ்த்தி இன்னொரு எஃப்.ஏ. கோப்பை, சில நாட்களில் வெங்கருக்கு இரண்டு வருஷப் புது ஒப்பந்தம். எனக்கோ தலைகால் புரியவில்லை. அடுத்த சீசனில் ஆறாம் இடம், 22 வருஷத்துக்குப் பிறகு மனிதர் கிளம்பினார். அந்தக் கடைசி சீசனில் எங்கள் சொந்த மைதானமான எமிரேட்ஸில் காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தெரியும். திட்டித் திட்டிக் களைத்துப்போனவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். டிக்கெட் இருந்தும் வராமல் போவதைவிட ஒரு ரசிகன் வேறு எப்படிச் சொல்ல முடியும்?

நடுவில் வந்தவர்

வெங்கருக்குப் பிறகு வந்த உனய் எமரியைப் பற்றி நாங்கள் பேசுவதே குறைவு. 2018-இல் வந்தார், வந்த புதிதில் 22 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. முதல் சீசனில் சாம்பியன்ஸ் லீக்குக்கு அழைத்துப்போகும் நான்காம் இடத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டார், பாகுவில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் செல்சியிடம் 4-1 என்று தோற்றார். அப்புறம் சரிவு. 2019 நவம்பர் 28 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டிடம் சொந்த மைதானத்தில் தோற்றார், மறுநாள் வேலை போனது. பதினெட்டு மாதம்.

அவரை அனுப்பியது எனக்கு ஒரு சொட்டு வருத்தத்தையும் தரவில்லை. அவருடைய ஆங்கில உச்சரிப்பை நடித்துக் காட்டிச் சிரித்த கூட்டத்தில் நானும் ஒருவன். வீட்டில் தமிழ், ஆபீஸில் தடுமாறிய ஆங்கிலம் என்று வாழ்ந்துகொண்டு இதைச் செய்திருக்கிறேன் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. அவர் என்ன செய்தார்? ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போய் 2021 யூரோப்பா லீக் அரையிறுதியில் எங்களையே வெளியேற்றினார். இறுதியில் மான்செஸ்டர் யுனைட்டடை பெனால்டி ஷூட் அவுட்டில் 11-10 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார். பிறகு ஆஸ்டன் வில்லாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்து சாம்பியன்ஸ் லீக்கில் சேர்த்தார். ஆக, திறமை இல்லாதவரை அனுப்பினோம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் எமரி எங்களிடமே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அதையும் யாரும் சொல்ல முடியாது. இந்த விவாதத்தின் சனியனே இதுதான். நடக்காத பாதிக்கு சாட்சி கிடையாது.

2020 டிசம்பர்

ஆர்டெட்டா வந்தது 2019 டிசம்பர் 20. வயது 37. எங்கள் பழைய கேப்டன், மான்செஸ்டர் சிட்டியில் குவார்டியோலாவுக்கு உதவியாளராக இருந்தவர், மேனேஜராக அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட நடத்தாதவர். எட்டு மாதத்தில், ஆளில்லாத வெம்பிளியில் செல்சியை 2-1 வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கிக்கொடுத்தார். கோப்பையை வாங்கி வந்த எங்கள் கேப்டன் ஒபாமயாங் அதைத் தரையில் தவறவிட்டார். அதைச் சகுனம் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் அப்போதே எழுதினார். நான் அவரைத் திட்டினேன்.

நவம்பரில் ஆரம்பித்தது வினை. லீக்கில் ஏழு ஆட்டம், ஒரு வெற்றி கிடையாது, மொத்தம் கிடைத்தது இரண்டே புள்ளி. பந்தை விங்குக்குக் கொண்டுபோவது, கிராஸ் போடுவது, எதிரணியின் நெட்டைத் தடுப்பாட்டக்காரன் தலையால் வெளியே தள்ளுவது. தொண்ணூறு நிமிடமும் இதே. பர்ன்லியோடு ஆட்டத்தில் எங்கள் ஜாக்கா எதிராளியின் கழுத்தைப் பிடித்து ரெட் கார்டு வாங்கினார், ஒபாமயாங் சொந்த கோலிலேயே பந்தை அடித்தார், 1-0. இந்திய நேரம் நள்ளிரவு பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்த ஆட்டம் அது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டிசம்பர் 19, எவர்ட்டனிடம் 2-1. பதினான்கு ஆட்டத்தில் பதினான்கு புள்ளி, பதினைந்தாம் இடம்.

அந்த இரவு நான் குழுவில் எழுதியது இப்போதும் ஃபோனில் இருக்கிறது. பாரிஸ் ஆட்டத்துக்கு மறுநாள் தேடி எடுத்துப் பார்த்தேன். "பொங்கலுக்குள்ள இந்த ஆளை அனுப்பலன்னா ரெலகேஷன் உறுதி. எவனாவது ப்ராசஸ்னு வந்தீங்க, குரூப்ல இருந்து தூக்கிருவேன்." ரெலகேஷன் என்றால் கீழ் லீக்குக்குத் தள்ளப்படுவது, ப்ராசஸ் என்பது பொறுமை கேட்பவர்களின் மந்திரம். நான்தான் அட்மின்.

இதற்குக் கீழே ஒருவன் மட்டும் "இரு, பொறு" என்று போட்டிருந்தான். என் ஹாஸ்டல் அறைத் தோழன், இப்போது ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எரிச்சலான விஷயம், இதே ஆள்தான் 2011-இலேயே "வெங்கர் முடிஞ்சிட்டாருடா" என்று சொன்னவன். நான் தப்பாகச் சொன்ன இரண்டு இடத்திலும் அவன் சரி. மறுநாள் ஃபோன் போட்டு என்னடா தெரியும் உனக்கு என்று சண்டைக்குப் போனேன்.

அவன் கால்பந்தைப் பற்றியே பேசவில்லை, தன் பையன்களைப் பற்றிப் பேசினான். அந்தப் பள்ளிக்கு அவன் போனபோது டீம் எல்லாப் பந்தையும் நேராக முன்னால் தூக்கி அடிக்கும். மைதானத்தில் புல் கிடையாது, செம்மண், ஓரத்தில் கருவேல முள். தூக்கி அடித்தால் பந்து எங்கேயோ போய் விழும், யாராவது ஓடிப்போய் உதைப்பான், சில சமயம் கோல். அதை வைத்தே குறுவட்டப் போட்டியில் இரண்டு சுற்று தாண்டிவிடுவார்கள். இவன் போய்ப் பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாக விளையாடப் பழக்கினான். முதல் வருஷம் முதல் சுற்றிலேயே வெளியே. இரண்டாம் வருஷமும் அப்படியே. கோல்கீப்பர் பையன் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாஸ் போடுகிறேன் என்று எதிராளி காலில் நேராகக் கொடுத்தான், 4-0. தாளாளர் கூப்பிட்டு, "முன்னாடி இருந்த மாஸ்டர் காலத்துல ரெண்டு ரவுண்டாவது போவாங்களே சார்" என்றாராம்.

"அவர் சொன்னதுல தப்பே இல்லைடா," என்றான். "புதுசா ஒண்ணு பழக்குனா பழசும் மறந்துபோகும், புதுசும் வராது. நடுவுல ஒரு வருஷம் ரெண்டுங்கெட்டானா நிப்பானுங்க. வெளியில இருந்து பாத்தா கோச் கெடுத்துட்டான்னுதான் தெரியும். சில சமயம் நெஜமாவே கெடுத்துருப்பான். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அப்புறம் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். ஸ்கோரைப் பார்க்காதே, தோற்ற பிறகு யாரை உட்கார வைக்கிறான், யாரை இறக்குகிறான் என்று பார் என்றான். வெங்கர் கடைசி வருஷங்களில் தோற்றால் அதே ஆட்களை அதே இடத்தில் இறக்கி அடுத்த வாரம் சரியாகும் என்று காத்திருந்தாராம். ஆர்டெட்டா, ஒழுங்காக இல்லை என்று குவெண்டூசியை ஒதுக்கினார், ஊரே கொண்டாடிய ஓசிலை ஆட்டக்காரர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. "சரியோ தப்போ, முடிவு எடுக்கறான்ல?" எனக்கு அது வாதமாகவே படவில்லை. முடிவெடுத்துக் குட்டிச்சுவராக்கிய மேனேஜர்கள் எத்தனை பேர்!

பாக்ஸிங் டே, இரவு பதினொரு மணி

டிசம்பர் 26, செல்சியுடன் எமிரேட்ஸில் ஆட்டம். நான்கு நாள் முன்புதான் லீக் கோப்பையில் சிட்டியிடம் 4-1 வாங்கியிருந்தோம். செல்சி அந்தக் கோடையில் கோடி கோடியாகக் கொட்டி ஆள் வாங்கிய அணி. நிச்சயம் தோல்விதான். அந்த உறுதியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இந்த ஆட்டமும் போனால் கிளப் வேறு வழியில்லாமல் முடிவெடுக்கும். ஊரடங்கு காலம், பார்க்க வேறு வீடும் இல்லை, தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மிக்சர் ஒரு கிண்ணத்தில்.

அணிப் பட்டியல் வந்ததும் சிரித்தேன். வில்லியனுக்கும் டேவிட் லூயிஸுக்கும் உடம்பு சரியில்லை. கொரோனா தொடர்பால் கேப்ரியல் தனிமையில். இருபது வயது எமில் ஸ்மித் ரோவுக்கு அந்த சீசனில் முதல்முறையாக லீக் ஆட்டத்தின் தொடக்க அணியில் இடம். காயத்திலிருந்து வந்த மார்டினெல்லி ஒரு பக்கம், பத்தொன்பது வயது சாகா ஒரு பக்கம். பையன்களை இறக்கிவிட்டுத் தோற்றதும் சாக்குச் சொல்லப்போகிறார் என்று குழுவில் தட்டினேன்.

34-ஆவது நிமிடம். எங்கள் டியர்னி இடது பக்கம் பெனால்டி பெட்டிக்குள் வெட்டி நுழைந்து விழ, பெனால்டி. லாகசெட் பந்தை வைத்தார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பி.டி. மாஸ்டரிடம்கூட. அவர் ஓடி வரும்போது என் மனதுக்குள் வந்த வார்த்தை "மிஸ் பண்ணு". பந்து வலைக்குள் போனது. பதினேழு வருஷமாக இந்த அணி கோல் போட்டால் என் உடம்பு தானாக எழுந்து நிற்கும், அதை நான் யோசிப்பதே இல்லை. அன்று எழவில்லை. மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம்: ஒரு கோல்தான், செல்சி திருப்பி அடித்துவிடும், 1-1 என்றாலும் பரவாயில்லை, எட்டு ஆட்டமாக வெற்றியில்லை என்று வரும்.

இடைவேளைக்குச் சற்று முன் ஜாக்கா ஃப்ரீ கிக். பந்து சுவரைத் தாண்டி மேல் மூலையில் போய் இறங்கியது. யார் போட்டிருந்தாலும் ரசிக்க வேண்டிய கோல். நான் ரசிக்கவில்லை. இரண்டு வாரம் முன்னால் கழுத்தைப் பிடித்தவன் இப்போது நல்ல பிள்ளையா என்று கோபம் வந்தது. ஏன் கோபம்? அவர் என் வழக்கைக் கெடுத்துவிட்டார். அதுதான். அந்த இடத்தில்தான் எனக்கு என்னையே பிடிக்காமல் போனது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். சமையலறை விளக்கைப் போடாமல் இருட்டிலேயே நின்று, நான் இந்த அணிக்கு யார் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஆர்சனல் தோற்றால் சந்தோஷப்படுகிற ஆளுக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் பரம எதிரி அணியான ஸ்பர்ஸின் ரசிகன் என்று சொல்வோம்.

இரண்டாம் பாதியில் சாகா வலப்பக்கத்திலிருந்து தூக்கிவிட்ட பந்து செல்சி கோல்கீப்பர் மெண்டியின் தலைக்கு மேலே வளைந்து தூரக் கம்பத்தை ஒட்டி உள்ளே விழுந்தது. கிராஸ் போட்டாரா, கோலுக்கே அடித்தாரா என்று எங்கள் குழுவில் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. அதற்கு எழுந்தேன். கத்தவில்லை, ஆனால் எழுந்தேன். கடைசியில் செல்சி ஒன்று போட்டது, ஜோர்ஜின்யோவின் பெனால்டியை எங்கள் கோல்கீப்பர் லெனோ பிடித்தார், 3-1. குழுவில் என் பெயரைப் போட்டு இருபது செய்தி. பி.டி. மாஸ்டர் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்து பிரைட்டனோடு வெற்றி, பனி கொட்டும் வெஸ்ட் பிராமில் 4-0. பொங்கலும் வந்தது, போனது.

பிறகு ஒருநாள் அவனிடம் கேட்டேன். வில்லியனுக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால் ஸ்மித் ரோ அன்று ஆடியிருப்பாரா? ஆர்டெட்டா முடிவெடுக்கிறார் என்றாயே, அந்த முடிவை எடுத்தது கிருமிதானே? சிரித்தான். "அன்னைக்கு கிருமி எடுத்துச்சு. அடுத்த மேட்ச்ல யார் எடுத்தா?" அடுத்தடுத்த லீக் ஆட்டங்களிலும் ஸ்மித் ரோதான் தொடக்க அணியில் இருந்தார். இது எனக்கு முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஒரு பெரிய கிளப்பின் ஐந்து வருஷ வரலாறு இரண்டு பேருடைய உடம்பு வலியில் திரும்பியது என்றுதான் இன்னமும் எனக்குத் தோன்றுகிறது. அந்த சீசன் எட்டாம் இடத்தில்தான் முடிந்தது, கால் நூற்றாண்டில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டியே இல்லாமல். அடுத்த சீசனின் முதல் மூன்று ஆட்டம்: பிரென்ட்ஃபர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0. ஒன்பது வாங்கி ஒன்றும் போடாமல் அட்டவணையின் அடியில். அப்போதும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாம் இடம், பிறகு தொடர்ந்து மூன்று வருஷம் இரண்டாம் இடம்.

ஃபெர்குசனை இழுக்காமல் பேச முடியாதா?

இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஃபெர்குசனைக் கொண்டுவருவார்கள். 1986-இல் மான்செஸ்டர் யுனைட்டடுக்கு வந்தார், மூன்று வருஷம் ஒன்றும் இல்லை, சாக்குச் சொன்னது போதும் என்று மைதானத்தில் பேனர் பிடித்தார்கள், 1990 ஜனவரி 7 அன்று நாட்டிங்ஹாமில் மார்க் ராபின்ஸ் போட்ட கோல் அவர் வேலையைக் காப்பாற்றியது, அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று தோற்றிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டோம் என்று அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பிறகு சொல்லியிருக்கிறார். அதாவது கிளப் உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது, வெளியே இருந்தவர்களுக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரிந்தது. அதே கிளப் 2013-இல் டேவிட் மோய்ஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் கொடுத்து, சீசன் முடியும் முன்பே பத்து மாதத்தில் அனுப்பியது. அவகாசம் வாங்கித் தோற்றவர்களின் பெயரை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், 2025-இல் லிவர்பூலில் ஆர்னே ஸ்லாட் வந்த முதல் சீசனிலேயே லீக்கை ஜெயித்துவிட்டார். அவருக்கு எத்தனை வருஷம் கொடுத்தார்கள் என்று என் அக்கா மகன் கேட்டால், முந்தைய மேனேஜர் க்ளாப் கட்டி வைத்த வீட்டில் குடிபோனார் என்பேன். அதற்கு அவன், எமரியும் வெங்கர் கட்டிய வீட்டில்தானே குடிபோனார் என்பான். அந்த வீடு ஒழுகிக்கொண்டிருந்தது என்று நான் சொல்ல, ராத்திரி இரண்டு மணி ஆகும்.

ஆபீஸில் எனக்கு ஒரு ஸ்பர்ஸ் நண்பர் உண்டு. அவர் நிலைமை இன்னும் பாவம். ஸ்பர்ஸ் மேனேஜராக இருந்த போஸ்டகோக்லூ இரண்டாவது சீசனில் கோப்பை வாங்குவது என் வழக்கம் என்று சொன்னார், சொன்னபடியே 2025 மே 21 அன்று பில்பாவோவில் யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பதினேழு வருஷத்தில் ஸ்பர்ஸுக்கு முதல் கோப்பை. அதே சீசனில் லீக்கில் 22 தோல்வி, பதினேழாம் இடம். பதினாறு நாள் கழித்து, ஜூன் 6-ஆம் தேதி, அனுப்பிவிட்டார்கள். சரியா தப்பா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "கோப்பை வாங்கின அன்னைக்கு நான் அழுதேன். அவரை அனுப்பின அன்னைக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டும் நான்தான்," என்றார். ஸ்பர்ஸ்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு நேர்மையான பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த 2025 ஜூனில் ஆர்டெட்டாவுக்கு ஐந்தரை வருஷம் ஆகியிருந்தது. 2020 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு அதுவரை பெரிய கோப்பை ஒன்றுமில்லை. அக்கா மகன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது ஆர்சனல் கடைசியாக லீக் ஜெயித்திருந்தது அவன் பிறப்பதற்கு முன். மூன்று முறை இரண்டாம் இடம் என்பது பதினைந்தாம் இடத்திலிருந்து பார்த்த எனக்கு ஏற்றம், அவனுக்கு முட்டுச்சந்து. அப்போது என்னிடம் கேட்டிருந்தால் இன்னும் ஒரு சீசன் கொடுக்கலாம் என்றிருப்பேன். ஆனால் என் தீர்ப்புக்கு என்ன மரியாதை என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அவனிடம் அந்த டிசம்பர் இரவைச் சொல்லலாமா என்று மே மாதம் முழுக்க யோசித்தேன். சொன்னால் உபதேசம் மாதிரி ஆகிவிடும், "நீங்க வேற மாமா" என்று எழுந்து போய்விடுவான். சொல்லவில்லை. மே 18, நியூகாசிலோடு எமிரேட்ஸில் ஆட்டம், இரவு ஒன்பது மணிக்கு. அவன் ஹாஸ்டலில், நான் வீட்டில். இரண்டாம் பாதியில் டெக்லன் ரைஸ் பெட்டிக்கு வெளியிலிருந்து சுழற்றி அடித்த பந்து மூலையில் போய் விழுந்தது. இரண்டு விநாடியில் ஃபோன் அதிர்ந்தது. எழுத்துப் பிழையோடு "கோஓஓஓல்", பின்னாலேயே ஒரு குரல் பதிவு. திறந்தால் ஹாஸ்டல் டிவி அறை முழுக்கக் கூச்சல், அதற்கு மேலே இவன் தொண்டை. மூன்று முறை போட்டுக் கேட்டேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி வந்தது: "ஆனாலும் அவர் போகணும் மாமா."